தன் பக்கத்தை மட்டும் கிழித்துக்கொண்ட மனுஷர்

அன்புள்ள கோமு,

உன் கடிதம் கிடைத்தது. மாடி ஒழுகுகிற விஷயம், உன் ஓரகத்தி பெண்ணின் நிச்சயதார்த்தம், இதற்கெல்லாம் சாவகாசமாகத் தனியாக எழுதுகிறேன். கடைசியில் போகிறபோக்கில் ஒன்று கேட்டிருந்தாயே, இன்றைக்கு அதற்கு மட்டும் பதில். ‘பீயிங் தி ரிக்கார்டோஸ்’ படத்தில் ஜே.கே. சிம்மன்ஸ் நடித்த அந்தச் சிடுமூஞ்சிக் கிழவர் நிஜத்திலும் இருந்தவராமே, வெளியே சிடுசிடுவென்று இருந்தாலும் உள்ளே தங்கமான மனசுதானே என்று எழுதியிருக்கிறாய். எல்லாரிடமும் தங்கம் தேடுகிற புத்தி உனக்கு இன்னும் போகவில்லை.

அவர் பெயர் வில்லியம் ஃப்ராலி. தெரிந்தவர்களுக்கு பில். ‘ஐ லவ் லூசி’ தொடரில் லூசியும் ரிக்கியும் குடியிருக்கிற கட்டடத்தின் சொந்தக்காரர் ஃப்ரெட் மெர்ட்ஸாக வருவாரே, அவர்தான். வழுக்கைத் தலை, நெஞ்சு வரை ஏற்றிப் போட்ட பேண்ட், காசென்றால் உயிர், பெண்டாட்டி வாயைத் திறந்தால் ஒரு குத்தல். 1951 அக்டோபர் 15 அன்று தொடங்கி 1957 மே வரை 180 எபிசோட். லூசிக்குப் பிள்ளை பிறக்கிற எபிசோட் 1953 ஜனவரி 19 ராத்திரி ஒளிபரப்பானது. 4 கோடியே 40 லட்சம் பேர் பார்த்தார்கள். மறுநாள் ஐசன்ஹோவர் ஜனாதிபதியாகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள்கூட அத்தனை பேர் இல்லை. அப்படி ஒரு தொடரில் நாலாவது ஆளாக இருப்பது என்ன லேசா?

நீ எதிர்பார்க்கிற வம்பிலிருந்தே ஆரம்பிக்கிறேன். ஃப்ரெட்டின் பெண்டாட்டி எத்தலாக வந்தவர் விவியன் வான்ஸ். திரையில் அவர்களைப் பார்த்தால் கால் நூற்றாண்டு ஒரே கூரையின் கீழ் சண்டை போட்டு, சமாதானமாகி, மறுபடி சண்டை போட்ட ஜோடி என்று சத்தியம் செய்வாய். நிஜத்தில் ஒருவர் முகத்தில் ஒருவர் முழிக்கப் பிடிக்காது. தொடர் ஆரம்பித்தபோது இவருக்கு 64 வயசு, அந்த அம்மாவுக்கு 42. ‘இந்தக் கிழவர் எனக்கு அப்பாவாக நடிக்க வேண்டியவர், புருஷனாகப் போட்டிருக்கிறார்களே’ என்று விவியன் யாரிடமோ புலம்ப, அது இவர் காதில் விழுந்துவிட்டது. போச்சு. அதற்கப்புறம் சாகிறவரை மன்னிக்கவில்லை. விவியனின் உடம்பைப் பற்றி, கதவுக் குமிழ்களை மூட்டை கட்டி வைத்த மாதிரி என்று இவர் சொன்னதாக ஒரு பேச்சு இன்றும் ஹாலிவுட்டில் சுற்றுகிறது. தங்கமான மனசு!

விவியன் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் பிராட்வே மேடையிலிருந்து வந்தவர், பாட்டு, நடனம், நாடகம் எல்லாம் தெரிந்தவர். லா ஹோயா என்ற ஊரில் ‘தி வாய்ஸ் ஆஃப் தி டர்ட்டில்’ நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்தவரை, ரிக்கியாக நடித்து ‘ஐ லவ் லூசி’யைத் தயாரித்தவருமான தேசி ஆர்னாஸ் பார்த்துப் பிடித்துப்போய் அழைத்துவந்தார். வந்த இடத்தில் பழைய கவுனை மாட்டிவிட்டு, தன்னைவிட 22 வயசு மூத்தவருக்குப் பெண்டாட்டியாக்கினால் எந்த நடிகைக்குத்தான் எரியாது? நீயும் நானும் இருந்தால் இதைவிடச் சத்தமாகவே புலம்பியிருப்போம்.

தேசி தன் சுயசரிதையில் ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். ஒரு எபிசோடில் ஃப்ரெட்டும் எத்தலும் பழைய மேடை நடனம் ஒன்று ஆட வேண்டும். இந்த மனுஷருக்குக் கால் வராது, வேண்டாம் என்று விவியன் சொல்லியிருக்கிறார். கிழவருக்கு வந்ததே கோபம். பிறந்ததிலிருந்து மேடையில் ஆடுகிறேன், இந்த அம்மாவுக்கு நான் சொல்லித் தருகிறேன் என்று, இங்கே எழுத முடியாத ஒரு அடைமொழியும் சேர்த்துக் கத்திவிட்டு, ஆடியும் காட்டிவிட்டார்.

அந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அவர் தொழிலே அதுதான். 1887-ல் அயோவா மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில் பிறந்தவர். சின்ன வயசில் மாதா கோவிலில் பாடுவார். அம்மா ஒரே கண்டிப்பு, நாடகம் கூத்து என்றால் ஆகாது. பையன் ஒமஹாவில் யூனியன் பசிபிக் ரயில்வே ஆபீஸில் ஸ்டெனோகிராஃபர். ஆமாம், சுருக்கெழுத்து! ஃப்ரெட் மெர்ட்ஸ் சுருக்கெழுத்து எழுதுகிற காட்சியை நினைத்துப் பார். அப்புறம் சிகாகோவில் வேலை பார்த்துக்கொண்டே ஒரு இசை நாடகத்தில் தலையைக் காட்டினார். அம்மாவுக்குத் தெரிந்தது, பழையபடி ரயில்வே வேலை, இந்தத் தடவை செயின்ட் லூயிஸில். அதுவும் நிலைக்கவில்லை. தம்பி பாலைச் சேர்த்துக்கொண்டு ஜோடியாக மேடையேறினார். கொஞ்ச நாளில் அம்மா தம்பியை மட்டும் ஊருக்குக் கூப்பிட்டுக்கொண்டுவிட்டார். மூத்தவன் தேறமாட்டான், இளையவனையாவது மீட்போம் என்ற கணக்கு போல.

அந்தக் காலத்து அமெரிக்காவில் வாட்வில் என்று ஒரு வகை மேடை. ஒரே டிக்கெட்டில் பாட்டு, நடனம், வித்தை, நாய் வேடிக்கை, கோமாளி, எல்லாம் வரிசையாக வரும். ஊர் ஊராக ரயிலில் போகவேண்டும். தனக்குக் கிடைத்த கொஞ்ச நிமிஷத்தில் கைதட்டல் வாங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஊருக்குக் கூப்பிடமாட்டார்கள். பில் அங்கே ஊறி வளர்ந்த கட்டை. ‘மை மெலங்கலி பேபி’ என்று ஒரு பிரபலமான பாட்டு உண்டே, அதை 1912-ல் டென்வரில் முதன்முதலாக ஜனங்கள் முன்னால் பாடியது தான்தான் என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். 1965-ல் ‘ஐவ் காட் எ சீக்ரெட்’ நிகழ்ச்சிக்கு இவர் கொண்டுபோன ரகசியமே அதுதான். 78 வயசில், டிவியில்!

கல்யாணமும் மேடையில்தான் விளைந்தது. 1914-ல் எட்னா லூயிஸ் என்ற சக நடிகையைக் கட்டினார். ‘ஃப்ராலி அண்ட் லூயிஸ்’ என்று இருவரும் சேர்ந்து ஊரெல்லாம் நிகழ்ச்சி நடத்தினார்கள். 1921-ல் பிரிந்தார்கள், 1927-ல் விவாகரத்து. மறுபடி அவர் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. அமெரிக்காவே ‘நம்ம வீட்டுப் புருஷன்’ என்று அடையாளம் கண்ட ஆள், முப்பத்தொன்பது வருஷம் ஒண்டிக்கட்டை. அதில் பல வருஷம் ஹாலிவுட்டில் நிக்கர்பாக்கர் ஹோட்டல் அறையிலேயே குடித்தனம்.

சினிமாவில் நிலைத்தது முப்பதுகளில். பாரமவுண்ட் ஒப்பந்தம், நூற்றுக்கு மேல் படம். பெயர் சொன்னால் தெரியாது, முகத்தைப் பார்த்தால் ‘அட, இவரா’ என்போமே, அந்த ஜாதி. போலீஸ்காரர், குத்துச்சண்டை மேனேஜர், பத்திரிகைக்காரர், பேஸ்பால் கோச். சாப்ளினின் ‘மான்சியர் வெர்டூ’விலும் இருக்கிறார், ‘கோயிங் மை வே’யிலும் இருக்கிறார்.

1950 வாக்கில் வேலை குறைய ஆரம்பித்தது. லூசில் பால், அதாவது நம்ம லூசி, புதிதாக டிவி தொடர் ஆரம்பிக்கிறார் என்று கேள்விப்பட்டு இவரே போன் போட்டு, எனக்கு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். உண்மையில் ஃப்ரெட்டுக்கு அவர்கள் முதலில் நினைத்தது கேல் கார்டனை, எத்தலுக்கு பீ பெனடெரட்டை. இரண்டு பேருமே லூசியோடு ரேடியோவில் நடித்தவர்கள், ஆனால் வேறு ஒப்பந்தத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆக, உலகப் புகழ் பெற்ற ஜோடியில் இரண்டு பேருமே இரண்டாவது சாய்ஸ்!

பில் பெயரைச் சொன்னதும் சிபிஎஸ் சானலும், விளம்பரதாரரான பிலிப் மாரிஸ் சிகரெட் கம்பெனியும் கையைப் பிசைந்தார்கள். குடிகாரர், நம்ப முடியாது என்று ஊரெல்லாம் பேச்சு. தேசி என்ன செய்தார் தெரியுமா? கிழவரையே கூப்பிட்டு நேருக்கு நேராகச் சொல்லிவிட்டார். உன்னைப் பற்றி இப்படிச் சொல்கிறார்கள், குடித்துவிட்டு வந்தாலோ டிமிக்கி கொடுத்தாலோ ஆளை எடுத்துவிடுவேன், சம்மதமா? சம்மதித்தார். அத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் குடித்துவிட்டு செட்டுக்கு வந்து வேலை கெட்டதில்லை. குடியை விட்டுவிட்டார் என்று நினைக்காதே. விளக்கை அணைத்தபிறகு குடித்தார், அவ்வளவுதான். அவர் நடிப்பில் மிகப் பெரிய சாதனை எது என்று என்னைக் கேட்டால் காலையில் நேரத்துக்கு வந்து நின்றதைத்தான் சொல்வேன். கடுகடுப்புக்கு அவர் நடிக்கவே வேண்டியதில்லை, அது கூடப் பிறந்தது.

அவர் பதிலுக்கு ஒரு நிபந்தனை போட்டாரே, அதுதான் ருசி. நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணி வேர்ல்ட் சீரிஸுக்குப் போனால், ஆட்டம் பார்க்க எனக்கு லீவு வேண்டும், ஒப்பந்தத்திலேயே எழுது என்றார். தேசி சிரித்துக்கொண்டே எழுதியிருப்பார். தலையெழுத்தைப் பார், தொடர் ஓடின அந்தக் காலத்தில் 1954 ஒன்றைத் தவிர வருஷா வருஷம் யாங்கீஸ் வேர்ல்ட் சீரிஸுக்குப் போனார்கள்! ஒன்றிரண்டு எபிசோடில் ஃப்ரெட் காணாமல் போனதற்கு அதுதான் காரணம். பேஸ்பால் பைத்தியம் என்றால் சும்மா இல்லை. ‘ஆலிபை ஐக்’, ‘தி பேப் ரூத் ஸ்டோரி’, ‘கில் தி அம்பயர்’ என்று பேஸ்பால் படமாகத் தேடித் தேடி நடித்திருக்கிறார். 1962-ல் ‘சேஃப் அட் ஹோம்!’ படத்தில் நிஜ யாங்கீஸ் வீரர்கள் மிக்கி மேன்டில், ராஜர் மாரிஸ் பக்கத்தில் கோச்சாக நிற்கிறார். விவியன் பக்கத்தில் நின்றபோது இருந்த முகம் இல்லை அது.

இனி எனக்கு மிகவும் பிடித்த கதை. வாராவாரம் ஸ்கிரிப்ட் வரும். எல்லோரும் முழுதும் படிப்பார்கள். பில் தன் பெயர் வருகிற பக்கங்களை மட்டும் கர்ரென்று கிழித்து எடுத்துக்கொண்டு மீதியை அப்படியே போட்டுவிடுவார். அப்புறம் மூலையில் உட்கார்ந்து தன் வசனத்தைப் படித்துவிட்டு, தேசியிடம் வந்து ‘இதில் சிரிக்க என்ன இருக்கிறது?’ என்று முறைப்பார். அய்யா, முந்தின பக்கத்தில் லூசி சொன்னதற்குத்தான் இது பதில் என்று விளக்க வேண்டும். முந்தின பக்கம்தான் அவர் கையில் இல்லையே! எபிசோடின் கதை என்ன என்றுகூடத் தெரியாமல் வந்து நின்று, சரியான கணத்தில் சரியான முனகலை முனகி, அரங்கத்தையே அதிரவைத்துவிட்டுப் போவார்.

இது சோம்பேறித்தனம்தான், சந்தேகமில்லை. ஆனால் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஃப்ரெட் மெர்ட்ஸுக்கும் லூசி என்ன சதி செய்கிறாள் என்று தெரியாதே? கதவைத் திறந்து உள்ளே வந்து, நடக்கிற கூத்தைப் பார்த்து, பேண்ட் பையில் கையை விட்டுக்கொண்டு, வாயைக் கோணிக்கொண்டு நிற்பாரே, அந்த ‘இதென்னடா கஷ்டம்’ முகம், அதில் பாதி நிஜம். அடுத்த தடவை பார்க்கும்போது லூசியைப் பார்க்காதே, ஓரத்தில் இவரைப் பார். மற்றவர்கள் வசனம் பேசும்போது பெரிய நடிகர்கள் எதையாவது செய்து கவனத்தை இழுப்பார்கள். இவர் ஒன்றும் செய்யமாட்டார். சும்மா நிற்பார். பதில் சொல்லும்போது குரலை உயர்த்தவும் மாட்டார். அந்த வீட்டில் நாலு பேரில் மூன்று பேர் கத்துகிறவர்கள், ஒருத்தராவது கல்லு மாதிரி நின்றால்தான் மற்றவர்கள் ஆட்டம் எடுபடும்.

அந்தத் தொடர் எடுக்கப்பட்ட விதமும் அவருக்குத் தோதாக அமைந்தது. முன்னூறு பேர் உட்கார்ந்து பார்க்க, நாடகம் மாதிரி முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை வரிசையாக, மூன்று காமிராவை வைத்து ஃபிலிமில் எடுத்தார்கள். காமிராவுக்குப் பொறுப்பு கார்ல் ஃப்ராய்ண்ட், ஜெர்மனியில் ‘மெட்ரோபொலிஸ்’ எடுத்தவர். வாட்வில் கிழவருக்கு வேறென்ன வேண்டும்? எதிரே ஜனம், காதில் சிரிப்பு. கையில் இரண்டு பக்கம் இருந்தாலும், மீதிக் கதையை மேடையே சொல்லிக் கொடுத்துவிடும்.

விருது விஷயத்தில் மட்டும் அதிர்ஷ்டம் இல்லை. 1954-லிருந்து 1958 வரை ஐந்து வருஷம் தொடர்ந்து எம்மி விருதுக்குப் பெயர் போனது. முதல் மூன்று வருஷம் ஆர்ட் கார்னி வாங்கினார், அடுத்த இரண்டு வருஷம் கார்ல் ரைனர். விவியனோ 1954-ல் முதல் தடவையே தட்டிக்கொண்டு போய்விட்டார்! அன்றைக்கு ராத்திரி கிழவர் எப்படித் தூங்கியிருப்பார் என்று நினைக்கிறாய்? இதில் இன்னொரு வேடிக்கை, இவர் வேஷத்தைப் போட்ட சிம்மன்ஸுக்கு ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அதுவும் கைக்கு வரவில்லை. ராசி அப்படி.

பெரிய தொடர் முடிந்தபிறகு, ஃப்ரெட்டையும் எத்தலையும் மட்டும் வைத்துத் தனித் தொடர் பண்ணலாம் என்று தேசி யோசித்தார். பில் சரி என்றுவிட்டார். பிடிக்காத பெண்மணிதான், ஆனால் பணம் பணம்தானே, அந்த விஷயத்தில் அவர் அசல் ஃப்ரெட் மெர்ட்ஸ். விவியன் முடியவே முடியாது என்று சொல்லிவிட்டார். இந்தக் கிழவரோடு ஆறு வருஷம் போதாதா என்று. அந்தக் கோபமும் இவர் கணக்கில் ஏறியது. நான் விவியன் கட்சி. லூசியின் அடுத்த தொடரில் 1962-ல் அவர் சேர்ந்தபோது, பாத்திரத்துக்குத் தன் சொந்தப் பெயரான விவியன் என்றே வைக்கச் சொன்னார். தெருவில் போகிற வருகிறவர்கள் எல்லாம் எத்தல், எத்தல் என்று கூப்பிட்டது அவ்வளவு அலுத்துப் போயிருந்தது.

பில்லுக்கு 1960-ல் ‘மை த்ரீ சன்ஸ்’ கிடைத்தது. அம்மா இல்லாத மூன்று பையன்கள், அப்பா ஃப்ரெட் மெக்மர்ரே, சமையற்கட்டில் ஏப்ரன் கட்டின தாத்தா பப், அதாவது நம்ம ஆள். மெக்மர்ரே பெரிய சினிமா ஸ்டார், வருஷத்துக்கு 65 நாள்தான் வருவேன் என்று ஒப்பந்தம். அதனால் வருஷம் முழுக்க வரப்போகிற எபிசோட்களில் அவர் பங்கை மட்டும் மொத்தமாக எடுத்துத் தள்ளிவிடுவார்கள். மற்றவர்கள் மாதக்கணக்கில் கழித்து வந்து, எதிரே ஆளே இல்லாமல், மிச்சத்தைப் பேசி முடிக்க வேண்டும். ஒரே காலையில் நாலு கதையின் நாலு துண்டு. கை தட்ட ஜனமும் கிடையாது.

கிழவர் திண்டாடிப் போனார். எழுபத்து மூன்று வயசுக்கு மேல், எந்தச் சட்டை எந்தக் கதைக்கு, யாருக்குப் பதில் சொல்கிறோம் என்றே தெரியவில்லை. கிழித்தெடுத்த பக்கங்களை வைத்தே வாழ்ந்த மனுஷருக்கு, மொத்தத் தொடரையும் கிழித்துக் கலைத்துக் கொடுத்தால் எப்படி இருக்கும்? இதற்கு மட்டும் எனக்கு அவர்மேல் பாவமாக இருக்கிறது. சத்தம் போட்டாராம், திட்டினாராம். ஆனாலும் நாலு வருஷத்துக்கு மேல் இழுத்துப் பிடித்தார்.

உடம்பு கைவிட்டது. அவருக்கு இன்ஷூரன்ஸ் கிடைக்காத நிலை வந்தது, இன்ஷூரன்ஸ் இல்லாமல் ஸ்டுடியோ வைத்துக்கொள்ளாது. 1965-ல் கதையில் பப் அயர்லாந்துக்குப் போனதாகச் சொல்லிவிட்டு, அந்த இடத்துக்கு வில்லியம் டெமரெஸ்ட்டைக் கொண்டுவந்தார்கள். அவரும் வாட்வில் ஆசாமி, இவருக்குச் சளைக்காத கடுகடுப்பு. பில் சும்மா இருப்பாரா? செட்டுக்கு வந்து ஓரமாக உட்கார்ந்துகொண்டு டெமரெஸ்ட்டையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பாராம். கடைசியில், இனி வரவேண்டாம் என்று சொல்லவேண்டியதாயிற்று என்கிறார்கள்.

1965 அக்டோபரில் லூசி தன் தொடரில் ஒரு சின்ன வேஷத்துக்குக் கூப்பிட்டார், குதிரைக்காரனாக. விவியன் அந்தத் தொடரின் நிரந்தர வேஷத்தை விட்டு விலகிப் போயிருந்த சமயம், அதனால் தைரியமாகக் கூப்பிட்டிருப்பார். இவரைப் பார்த்ததும் லூசி, இந்த ஆள் எனக்குத் தெரிந்த யாரையோ ஞாபகப்படுத்துகிறாரே என்கிற மாதிரி சொல்லுவார். அதற்கே அரங்கம் சிரிக்கும். டிவியில் அவர் கடைசியாக நடித்தது அதுதான்.

1966 மார்ச் 3. எழுபத்தொன்பது முடிந்து ஐந்தாம் நாள். சினிமா பார்த்துவிட்டு ஹாலிவுட் புலவார்டில் நடந்து வருகிறபோது மாரடைப்பு. கூட இருந்த ஆண் நர்ஸ், பக்கத்தில் இருந்த நிக்கர்பாக்கர் ஹோட்டலுக்குள் இழுத்துக்கொண்டு போனார். அவர் வருஷக்கணக்கில் குடியிருந்த அதே ஹோட்டல். பிழைக்கவில்லை. தேசி, சினிமாப் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து, ஸ்பானிஷ் மொழியில் நண்பருக்கு குட்நைட் சொல்லியிருந்தார். முதலாளி தொழிலாளிக்குச் செய்கிற காரியம் அல்ல அது.

விவியன்? செய்தி வந்தபோது அவர் ஏதோ ரெஸ்டாரன்டில் இருந்ததாகவும், எல்லோருக்கும் ஷாம்பெயின் ஊற்றச் சொன்னதாகவும் கதை. இதை நீ கட்டாயம் எங்கேயாவது படிப்பாய், நம்பிவிடாதே. இவ்வளவு கச்சிதமாக இருக்கிற எந்த வம்பையும் நான் பாதிக்குமேல் நம்புவதில்லை. ஆனால் பொய்யென்று கையடித்துச் சொல்லவும் மனசு வரவில்லை!

நீ அவரை ஃப்ரெட்டாக மட்டும் பார்த்திருக்கிறாய். டிசம்பரில் டிவியில் ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ போடுவார்கள், 1947-ல் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். கிறிஸ்துமஸ் தாத்தா உண்டா இல்லையா என்று கோர்ட்டில் கேஸ் நடக்கும். அதில் நீதிபதிக்கு யோசனை சொல்கிற அரசியல் தரகராக, வாயில் சுருட்டோடு இவர் வருவார். தாத்தா இல்லை என்று தீர்ப்பு எழுதினால் அடுத்த தேர்தலில் உங்களுக்கு இரண்டே ஓட்டுதான், ஒன்று உங்களுடையது, இன்னொன்று அரசு வக்கீலுடையது என்பார். அரசு வக்கீல் எதிர்க்கட்சியாயிற்றே என்று நீதிபதி முனகுவார். அப்போது பில்லின் முகத்தைப் பார். பிறகு விசாரணை நடக்கும்போது பின்னால் நின்றுகொண்டு தலையை அசைத்தே நீதிபதியைப் பயமுறுத்துவார், அதையும் விடாதே. பார்த்துவிட்டு எழுது. உன் வீட்டுக்காரருக்குப் போட்டுக் காட்டாதே, ‘வசனமே இல்லையே, இவர் என்ன நடிகர்’ என்று ஆரம்பித்துவிடுவார்.

உன்
ராஜி